கண்ணீர் இல்லாத அஞ்சலி

ரங்கம்மாளுக்கு யாரையும் பிடிக்காது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒன்பது வருஷம் படுத்து எழுந்தவளுக்கு மனிதர்களைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. லத்தியால் உள்ளங்காலைத் தட்டி எழுப்பும் போலீஸ்காரரைப் பிடிக்காது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் உட்காராமல், கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குடும்பத்துப் பெண்களைப் பிடிக்காது. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிக்கொண்டே மூக்கைப் பொத்துகிறவர்களை அதைவிடப் பிடிக்காது.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இங்கே எப்படி வந்தாள் என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

“ஏரிக்கரையில வூடு இருந்துச்சு. ஏரிய காப்பாத்தறோம்னு வூட்ட இடிச்சானுங்க.”

அதே ஏரிக்குள் பாதி இடத்தை வளைத்துக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. அதை இடித்தால் ஏரி கோபித்துக்கொள்ளும் போலிருக்கிறது. கிணறு வெட்டக் கேரளாவுக்குப் போன புருஷன் அதற்கு முன்பே அங்கே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். பிள்ளை கிடையாது. மாற்று இடம் கேட்டு மனு கொடுக்கப் போனபோது, மனுவில் வீட்டு விலாசம் எழுதாமல் வாங்க முடியாது என்றார்கள். வீடு இல்லை என்றுதானே மனு என்றாள். அதற்குத் தாலுகா ஆபீஸ் எழுத்தர், “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, அந்தக் கட்டத்த காலியா வுடக்கூடாது” என்றார். மூன்று தரம் நடந்தாள். நான்காம் தரம் ஆபீசுக்கு நடக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். காலையில் அங்கே வேலை, சோறு. மற்ற நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டு.

மாதம் ஒருமுறை அஜித்குமார் வருவான். கச்சிராயபாளையம் பக்கம் பெரிய கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. ஓர் அறக்கட்டளை வைத்திருந்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போட்டோ எடுக்க ஓர் ஆளும் கூட வருவான். பொட்டலத்தின் ஒரு முனையை இவர்களும் இன்னொரு முனையை அஜித்குமாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். படம் சரியாக வரும்வரை சோறு யார் கைக்கும் போகாது.

“கொஞ்சம் சிரிங்கம்மா” என்பான்.

“சோறு ஆறிக்கினு கீது. நீ சிரி” என்பாள் ரங்கம்மாள்.

அவளுக்கு அடுத்த தூணில் படுத்தவன் பச்சமுத்து. கல்வராயன் மலையில் சேராப்பட்டுப் பக்கத்து ஆள். எதற்காகவோ கீழே இறங்கி வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. வெள்ளிமலை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது அவன் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனாக எடுத்துக்கொண்டது. கண்டக்டர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள். ரங்கம்மாளுக்கு அவனையும் பிடிக்காதுதான். ஆனால் தினமும் சண்டை போட ஒருத்தன் இருந்தான்.

ஒரு தை மாதக் காலையில் பச்சமுத்து எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. யாரும் கேட்டு வரவில்லை. நாலாம் நாள் நகராட்சி ஆட்களே புதைத்துவிட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். அதே நாளில் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். பச்சமுத்துவுக்கு இல்லை. ஒரு வட்டிக்கடைக்காரரின் அம்மாவுக்கு. ‘அன்பின் ஊற்றே, கருணைக் கடலே, எங்களை விட்டு எங்கே சென்றாய்’ என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கருணைக் கடல் போன மாதம் இதே இடத்தில் காரை நிறுத்தி, ரங்கம்மாளின் மூட்டையைத் தள்ளி வைக்கச் சொன்ன அம்மாள்தான்.

ஒட்டியவர்கள் மிச்சமான போஸ்டர் ஒன்றைக் குப்பையில் போட்டுப் போனார்கள். ரங்கம்மாள் அதை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. நேராகப் பார்சல் ஆபீசுக்குப் போனாள். மூட்டைகளின் மேல் ஊர் பெயர் எழுதுகிற தமிழழகன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, அந்த மையும் பிரஷும் குடு.”

“இன்னாத்துக்கு யக்கா?”

“பச்சமுத்து செத்துட்டான். ஒருத்தனும் எழுதல.”

தமிழழகன் எடுத்துக் கொடுத்தான். பத்தாவது வரை படித்தவள் அவள். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். பார்சல் ஆபீஸ் தரையிலேயே தாளை விரித்து எழுதினாள்.

‘பச்சமுத்து செத்துப்போனான். வயசு அவனுக்கே தெரியாது. பன்னிரண்டு வருஷம் வெள்ளிமலை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டான். ஒருநாளும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் கெட்ட வார்த்தை பேசுவான். புளுகன். பீடி கேட்டால் இல்லை என்பான், மடியில் ஒரு கட்டு இருக்கும். போன மார்கழியில் என் போர்வையை எடுத்துக்கொண்டு கொடுக்கவில்லை. கேட்டதற்கு, நான் செத்தா எடுத்துக்க என்றான். எடுத்துக்கொண்டேன். இப்படிக்கு ரங்கம்மாள்.’

கருணைக் கடலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். சிறிது நேரத்தில் நாலைந்து பேர் நின்று படித்தார்கள். ஒருத்தர் சிரித்தார். வெள்ளிமலை பஸ் டிரைவர் இறங்கி வந்து முழுவதும் படித்துவிட்டு, கண்ணைத் துடைக்காமல் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். ரங்கம்மாள் எதிரே உட்கார்ந்து அவர்களைப் பார்த்தாள். படிக்கிறவனின் முகம் எந்த வரியில் மாறுகிறது என்று கவனித்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த ஊர் ஆட்களை அவள் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பூ மார்க்கெட் வாசலில் கிடந்து செத்த ஓர் ஊமைக் கிழவிக்கு எழுதினாள். அவளுக்கு ஊர் பேர் எதுவும் தெரியாததால் பூக்காரிகளிடம் போய் இரண்டு நாள் விசாரித்தாள். கிழவி மல்லிகையைத் தொடமாட்டாள், கனகாம்பரம் மட்டும் பொறுக்குவாள் என்பது ஒன்றுதான் கிடைத்தது. அந்த ஒன்றை எந்த இடத்தில் வைப்பது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தாள். முதலில் வைத்தாள், பிடிக்கவில்லை. கிழித்தாள். கடைசியில் வைத்தாள், அழுகைப் படம் மாதிரி இருந்தது. அதையும் கிழித்தாள். “இவ்ளோ மெனக்கெடறியே, அந்தக் கிழவி வந்து படிக்கப் போறாளா?” என்று ஓட்டல்காரர் கேட்டார். “உன் சாம்பார மட்டும் எவன் ருசிச்சித் தின்றான், நீ வைக்கல?” என்றாள்.

குடித்துக் குடித்து வாய்க்காலில் விழுந்தவனுக்கு, பிரசவத்துக்கு வந்து திரும்பாத நாடோடிப் பெண்ணுக்கு, ஒரு வருஷத்தில் பதினோரு பேருக்கு எழுதினாள். யாரையும் நல்லவர் என்று எழுதவில்லை. நல்லவர் என்று எழுதினால் யாரைப் பற்றி என்றே தெரியாமல் போய்விடும் என்பது அவள் கட்சி. யாரோ அவற்றைப் படம் எடுத்துப் போனில் பரப்பினார்கள். அதுவரை அவளை விட்டு எட்ட நடந்த ஊர், இப்போது பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. குளிக்க ஓர் இடம் கேட்டால் மட்டும் அந்த ஊருக்குக் காது கேட்காது.

அப்போதுதான் அஜித்குமார் வந்தான். இந்தத் தடவை பொட்டலம் இல்லை. தலை மொட்டை அடித்திருந்தான். அவன் அப்பா ராஜாங்கம் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

“பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய பேனர் வைக்கிறோம். உன் ஸ்டைல்ல எழுதிக் குடு. இப்ப எல்லாரும் அததான் ஷேர் பண்றாங்க” என்றான்.

“உங்கப்பன எனக்குத் தெரியாதே தம்பி.”

“வூட்டுக்கு வா. சொல்றோம்.”

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் இத்தனை நாள் இல்லாதவர்களுக்கே எழுதியாயிற்று, இருக்கிறவன் செத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. டவுன் பஸ் ஏறிப் போனாள். கோமுகி அணைக்குக் கீழே பச்சைப்பசேல் என்று கரும்பு. நடுவில் மாடி வீடு. அவளை மாட்டுக் கொட்டகையில் உட்காரச் சொல்லி, பிளாஸ்டிக் டம்ளரில் காபி கொடுத்தார்கள். அஜித்குமார் நின்றுகொண்டே சொன்னான். அப்பா தங்கமானவர், ஏழைகளின் தோழர், கொடை வள்ளல். சுவரில் ஒட்டியிருந்த பழைய போஸ்டரைப் படிக்கிற மாதிரியே சொன்னான்.

ரங்கம்மாள் டம்ளரை வைத்துவிட்டுக் கழனிக்குப் போனாள். கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, உரித்துக்கொண்டிருந்த பெண்களோடு இரண்டு நாள் தானும் சோகை உரித்தாள். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் சாலம்மாள் என்கிறவள் பேசினாள். முப்பது வருஷமாக அந்தக் கழனியில் வேலை செய்கிறவள்.

“எங்க ஒருத்தி பேரும் அவருக்குத் தெரியாதுக்கா. எல்லாரையும் ‘ஏய்’தான். மோட்டாரு ஓடும்போது கொடத்த எடுத்துக்கினு போனா, டக்குனு மோட்டார நிறுத்திடுவாரு. தண்ணி அவரு வூட்டுக் கெணத்துலேர்ந்து கொறஞ்சிடுமாம். நாங்க திரும்பிப் போற வரைக்கும் கொடைய புடிச்சிக்கினு நிப்பாரு.”

“செத்தப்போ அழுதியா?”

“அழுதேன். அழாம நின்னா அடுத்த நாள் வேல குடுக்க மாட்டாங்களே.”

மூன்றாம் நாள் ராஜாங்கத்தின் மனைவி லட்சுமியம்மாள் ஆள் அனுப்பி அவளை உள்ளே கூப்பிட்டாள். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தவள். வாய் கோணியிருந்ததால் பேச்சு மெதுவாக வந்தது.

“எம் மவன் எதுவும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குத் தெரியாது. என்னைக் கழுவனது, துணி மாத்தனது, ஊட்டனது எல்லாம் அவருதான். ஒரு வேலைக்காரிய உள்ள வுடல. கதவத் தாப்பாப் போட்டுக்கினு என் சீலைய அவரே தொவைப்பாரு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமாம்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “இதையும் எழுது. இத மட்டும் எழுதாத, மத்ததையும் எழுது. கழனியில பொம்பளைங்க சொன்னது எனக்குத் தெரியும்.”

ரங்கம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. ராஜாங்கத்தை வெறுத்து முடித்து, வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். இந்தக் கிழவி குறுக்கே வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டாள். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க எழுதினாள்.

‘ராஜாங்கம் போய்ச் சேர்ந்தார். வயது எழுபத்தாறு. பன்னிரண்டு ஏக்கர் கரும்பு. அவர் கழனியில் முப்பது வருஷம் உழைத்தவளின் பேர் அவருக்குத் தெரியாது. குடத்தோடு யாராவது வந்தால் மோட்டாரை நிறுத்துவார். படுத்துவிட்ட மனைவிக்கு எட்டு வருஷம் தன் கையால் ஊட்டினார், கழுவினார், அவள் துணியைத் துவைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். கெட்டதைத் திறந்த வெளியில் செய்தார். நல்லதை ஒளித்துச் செய்தார்.’

எழுதியதிலேயே அதுதான் நல்லது என்று அவளுக்குத் தெரிந்தது. அஜித்குமார் படித்தான். முகம் கறுத்தது.

“இன்னா இது? துணி தொவைச்சாரா? எங்கப்பாவா? ஊரே சிரிக்கும்.”

மோட்டாரை நிறுத்தியது அவனை உறுத்தவில்லை. துணி துவைத்ததுதான் உறுத்தியது. ரங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் குரலை மாற்றிக்கொண்டான்.

“இதோ பாரு. ரோட்டோரம் மோட்டார் கொட்டாய் கெடக்குது. லைட்டு, தண்ணி, கதவு எல்லாம் கீது. நீ அங்கியே இருந்துக்கோ. ஆயுசுக்கும் இரு. எனக்குப் புடிச்ச மாதிரி மாத்திக் குடு, போதும்.”

கதவு. ரங்கம்மாள் பத்து வருஷமாகக் கதவுக்கு உள்ளே இருந்ததில்லை. அவள் ரொம்ப நேரம் யோசித்ததாகச் சொல்ல முடியாது. தாளைத் திருப்பி எழுதினாள். ‘அன்பின் உருவமே, ஏழைகளின் தோழரே.’ மை காய்வதற்குள் எழுதி முடித்துவிட்டாள். அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பதினாறாம் நாள் அந்த வரிகள் பத்தடி உயரத்தில் ரோட்டோரம் நின்றன. கீழே ‘எழுத்து: பஸ் ஸ்டாண்டு ரங்கம்மாள்’ என்று வேறு போட்டிருந்தார்கள். ஏழைகளின் தோழருக்கு ஏழை ஒருத்தி சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

மோட்டார் கொட்டாயில் அவள் முதலில் செய்தது தாழ்ப்பாளைப் போட்டதுதான். போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். உள்ளே உட்கார்ந்து, பட்டப்பகலில், யாரும் பார்க்காமல் தலையை விரித்துச் சிக்கெடுத்தாள். குளித்தாள். மறுநாளும் குளித்தாள். தாழ்ப்பாள் போட்ட இடத்தில் தூங்கினால் உடம்பு வேறு மாதிரி தூங்குகிறது. அதை யார் கேவலமாகப் பேசினாலும் அவர்கள் ஒரு மழைக்காலம் பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு வந்து பேசட்டும்.

ஆனால் அஜித்குமார் சாவி கொடுக்கும்போதே ஒன்று சொல்லியிருந்தான். “மோட்டார நீதான் பாத்துக்கணும். கொடத்தோட எவளாவது வந்தா ஆஃப் பண்ணிடு. அப்பா இருந்தப்ப நடந்த மாதிரியே நடக்கணும்.”

ஐந்தாம் நாள் சாலம்மாள் குடத்தோடு வந்தாள். பின்னால் இன்னும் மூன்று பேர். ரோட்டில் அஜித்குமாரின் பைக் நின்றது. ரங்கம்மாள் அந்த பைக்கைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள்.

குழாயில் தண்ணீர் இளைத்து நின்றது. பைக் போய்விட்டது. சாலம்மாள் போகவில்லை.

“எக்கா, உன் பேரும் ராஜாங்கமா?”

ரங்கம்மாள் தாழ்ப்பாள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாங்க சொன்னதெல்லாம் வாங்கிக்கினு போனியே, அத இன்னா பண்ண? தின்னுட்டியா?”

மற்ற மூன்று பேரும் அவளைத் திட்டக்கூட இல்லை. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே காத்திருக்கும் பெண்களைப் பார்த்து ரங்கம்மாள் எத்தனையோ தரம் உமிழ்ந்திருக்கிறாள். அந்த எச்சில் எல்லாம் சேர்ந்து இப்போது அவள் வாயிலேயே கசந்தது. அடுத்தவனைக் கேவலமாக நினைக்கிற அத்தனை பயிற்சியும் தன்னை நினைக்கும்போது எவ்வளவு உதவுகிறது என்று கண்டாள். வட்டிக்கடைக்காரர் அம்மாவுக்கு எழுதியவனாவது கூலிக்கு எழுதினான். இவள் ஒரு தாழ்ப்பாளுக்கு எழுதியிருந்தாள்.

எழுந்து மோட்டாரைப் போட்டாள். “சாலம்மா” என்று கத்தினாள். “கொடத்த எடுத்துக்கினு வாங்கடி எல்லாரும்.”

அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, மோட்டாருக்கு அடியில் டப்பாவில் இருந்த பழைய கிரீஸைத் துணியில் தோய்த்து, கொட்டாயின் ரோட்டுப் பக்கச் சுவரில் எழுத ஆரம்பித்தாள். முதலில் எழுதிய ராஜாங்கம் அவளுக்கு ஒரு வரி விடாமல் நினைவிருந்தது. சுண்ணாம்புச் சுவரில் கறுப்பு நன்றாகப் பிடித்தது. கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்தாள். ‘அவர் செத்த பிறகும் ஒருநாள் இந்த மோட்டார் நின்றது. நிறுத்தியவள் ரங்கம்மாள்.’

சாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கூட வந்த ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். ‘ஒளித்துச் செய்தார்’ என்று வந்தபோது சாலம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். “நெசமா? அந்த மனுசனா?” என்று கேட்டாள். முப்பது வருஷம் அவர் கழனியில் இருந்தும் அவளுக்கு அது தெரியாது.

ஒரு மணி நேரத்தில் அஜித்குமார் வந்தான். கூட இரண்டு ஆட்கள். மூட்டையை ரோட்டில் வீசினார்கள்.

“தெருப்பொறுக்கிக்கு வூடு குடுத்தேன் பாரு. என் புத்திய செருப்பால அடிக்கணும்.”

“அடி” என்றாள் ரங்கம்மாள். “போட்டோ எடுக்க ஆளு கூட்டிக்கினு வந்தியா?”

அன்றைக்கே சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். கிரீஸ் மேல் சுண்ணாம்பு நிற்காது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும். மூன்று தரம் அடித்தும் எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்ததாம். பிறகு சிமெண்டு பூசினார்கள். இதெல்லாம் ஒரு வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடி வந்த சாலம்மாள் சொன்னது. அவளுக்கு அந்தக் கழனியில் வேலை போயிருந்தது. வேறு கழனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“என்னால போச்சா?”

“உன்னாலதான். வேற யாரால?” என்றாள் சாலம்மாள், முகத்துக்கு நேராக. பிறகு முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்துப் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள். “வேலைய வுட்டு நிறுத்தறதுக்கு முன்ன பெரியம்மாவ பாத்தேன். நீ எழுதனத நான் மனப்பாடமா சொன்னேன். ஒண்ணு தப்பாம். எட்டு வருசம் இல்ல, பதினொண்ணு. ‘அவகிட்ட சொல்லு’ன்னுச்சு.”

ரங்கம்மாளுக்கு முகம் சுருங்கியது. பதினொன்று. எழுதும்போது கேட்டு உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருத்தி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துக் கேட்டிருக்கிறாள். அஜித்குமாரின் பேனரை அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தரும் எதையும் திருத்தச் சொல்லவில்லை. அதில் தப்பாவதற்கே ஒன்றும் இல்லை. அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்ததாக ஓட்டல்காரர் சொல்கிறார். அவள் இல்லை என்கிறாள்.

பங்குனியில், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் மலர்விழி என்ற பெண் வந்து ஒரு சேதி சொன்னாள். மூன்று நாளாக ஒரு வயதான அம்மாள் பிணவறையில் கிடக்கிறாள், யாரும் வரவில்லை. கையில் ஒரு துணிப்பை மட்டும் வைத்திருந்தாள். திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் இருக்கும் ஒரு மளிகைக் கடையின் பெயர் அதில் அச்சடித்திருந்தது.

ரங்கம்மாள் கடையின் பெயரையும் அந்த அம்மாளின் அடையாளத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். தென்பெண்ணைக் கரையில் நல்ல வெயில். விசாரித்து விசாரித்துக் கடைக்குப் போய்ச் சேரப் பகல் ஆகிவிட்டது. கடைக்காரர் அவள் சேலையையும் காலையும் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல, போ போ” என்றார்.

“ஒண்ணும் கேக்க வர்ல. வெள்ள முடி, நெத்தியில பச்ச குத்தி, எடது கண்ணுல பூ வுழுந்த அம்மா. உங்க கடைக்கு வருவாங்களா?”

“அதுவா? சரியான ராங்கிக்காரி. நீ யாரு?”

“எழுதறவ.”

அவர் சிரித்தார். பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி நிறுத்திக்கொண்டு, அந்த அம்மாளைத் திட்ட ஆரம்பித்தார். வெல்லத்தைக் கிள்ளி ருசி பார்ப்பாளாம். எடைக்கல்லைத் தூக்கிப் பார்ப்பாளாம். ஒருநாள் இவர் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கேட்காமலே வீட்டுக்குள் நுழைந்து கஞ்சி வைத்து, உப்பு ஜாஸ்தியாகப் போட்டுவிட்டாளாம்.

“மெதுவா சொல்லுங்க” என்றாள் ரங்கம்மாள், கடைப்படியில் உட்கார்ந்தபடி. “கஞ்சி வெச்சது எந்த மாசம்?”